எத்தனை துணி?

"ரத்தப்போக்கு அதிகமா இருக்கா?" என்று கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டாள். "எல்லாருக்கும் போறதுதானே நர்ஸம்மா" என்பாள். இந்தக் கேள்வியே தப்பு என்று தெரிய எனக்கு இரண்டு மூன்று வருஷம் பிடித்தது.

1984-இல் காவிரிக் கடைமடையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தேன். ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கு நான் ஒருத்தி. பயிற்சி முடித்த கையோடு வந்த திமிர் வேறு. ஊரில் ஏற்கெனவே ஒரு மருத்துவச்சிக் கிழவி இருந்தாள். பாதி ஊர் அவள் கையில் பிறந்தது. அவளை நான் மதிக்கவில்லை. அவளும் என்னைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் நடவு முடிந்து கரையேறிய ஒரு பெண்ணிடம் நான் என் நோட்டை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "அதிகமான்னு கேட்டா அவளுக்கு என்னா தெரியும்? அவ அடுத்தவளோடதப் பாத்தாளா? எத்தனை துணின்னு கேளு. ராத்திரி எந்திரிச்சு மாத்துறாளா, பாய் நனையுதா, கட்டி கட்டியா விழுதான்னு கேளு."

அவளே கேட்டும் காட்டினாள். அந்தப் பெண் ஒரு நாளைக்கு எட்டுத் துணி, எட்டு நாள், ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிறேன் என்றாள். என் நோட்டில் அதற்குள் "இயல்பு" என்று எழுதியிருந்தேன். பிற்பாடு நான் படித்த எந்தப் புத்தகமும் கிழவியைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஏழு நாளைத் தாண்டுவது, மணிக்கொரு துணி நனைவது, பெரிய கட்டிகள் விழுவது, இவைதான் அங்கேயும் அடையாளம். சித்த மருத்துவத்தில் இதற்குப் பெரும்பாடு என்று பெயர். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். ஒரு மாதவிலக்கில் போகிற ரத்தம் சாதாரணமாக 30, 40 மில்லி. 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். ஒரு மில்லி ரத்தத்தோடு அரை மில்லிகிராம் இரும்பும் போகிறது. சோற்றிலிருந்தும் குழம்பிலிருந்தும் உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுகிற இரும்போ ஒன்று, மிஞ்சினால் இரண்டு மில்லிகிராம்தான். மாதாமாதம் செலவு வரவை மிஞ்சினால் எந்தக் குடித்தனம் தாங்கும்? இதில் வருஷத்துக்கொரு பிள்ளை, அதற்குப் பால் என்று வேறு இருக்கும். வரப்போரத்தில் ஒதுங்கிவிட்டு வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு காலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் உட்கார்ந்துகொண்டு தன் பங்குக்கு உறிஞ்சும்.

அப்போதெல்லாம் ரத்தம் பார்க்க எங்களிடம் இருந்தது ஸாலி குழாய். அமிலம் கொஞ்சம் விட்டு, விரலைக் குத்தி ரத்தத்தை உறிஞ்சி அதில் கலந்து, பத்து நிமிஷம் பொறுத்தால் டிகாக்ஷன் நிறத்துக்கு வரும். பக்கத்தில் இருக்கிற கண்ணாடியின் நிறத்துக்குச் சமமாகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். நின்ற அளவுதான் ஹீமோகுளோபின். வளர்ந்த பெண்ணுக்கு 12 வேண்டும், கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. கிழவி கேட்டுக் காட்டிய அந்தப் பெண்ணுக்கு நாலைந்து சொட்டிலேயே நிறம் வெளுத்துவிட்டது. ஆறரை. அவள் அன்று காலை ஆறு மணியிலிருந்து நாற்று நட்டிருந்தாள்.

ஆறரையோடு எப்படி நிற்கிறாள் என்று எனக்கு ஆச்சரியம். மெல்ல மெல்ல இறங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும், அதுதான் இதிலுள்ள சூது. மூச்சு வாங்குவதை வயசு என்பார்கள், படபடப்பைப் பயம் என்பார்கள், கால் குடைச்சலை வேலை என்பார்கள். பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, விபூதி, சாம்பல், அடுப்பு மண்ணைத் தின்பது, இதையெல்லாம் மசக்கை என்று சிரிப்பார்கள். மசக்கை இல்லாதவளும் தின்கிறாளே என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். இரும்பு குறைந்த உடம்பு கேட்கிற தீனி அது. மாத்திரை சாப்பிட்டு இரும்பு ஏறியதும் அந்த ஆசை தானாகப் போய்விடுவதை நானே பலரிடம் பார்த்திருக்கிறேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 வயதிலிருந்து 49 வரை, நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. இந்தியா முழுக்க 57. பாதிப் பேருக்கு மேல் இருந்தால் அதை யார் நோய் என்பார்கள்? பொம்பளை உடம்பு என்று சொல்லிவிடுவார்கள்.

மாத்திரை கொடுத்தோம். அரசாங்கம் 1970-இலிருந்து கொடுக்கிறது. கொடுத்த மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்பது வேறு கதை. ஒரு வீட்டில் நெல் குதிருக்குப் பின்னால் மூன்று மாத மாத்திரையைப் பார்த்தேன். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது, வயிறு இறுகுகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், தலை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும், இப்படி ஆயிரம் காரணம். நான் கத்தினேன். மறுவருஷம் நானே உண்டாகி அதே மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, பஸ் ஸ்டாண்டில் வாந்தியெடுத்தேன். கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. அதன்பிறகு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள், கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள், மலம் கறுத்தால் பயமில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். டீயோடு மட்டும் வேண்டாம். டீயிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மாத்திரை வந்த வழியே போய்விடும். பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான், இடைவெளி விட வேண்டும். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று நிறுத்திவிடவும் கூடாது. உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் அசையவில்லையென்றால் அது வேறு சோகையாகவும் இருக்கலாம். தலசீமியா மாதிரி வழிவழியாக வருவதும் இருக்கிறது, அதற்கு இரும்பு மருந்து இல்லை.

பீட்ரூட் சிவப்பு, மாதுளை சிவப்பு, அதனால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, தின்னட்டும். ஆனால் முருங்கைக்கீரை இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். ஆட்டு ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல் இவற்றிலுள்ளது சுலபமாக ஒட்டும். எங்கள் கிழவிகள் பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி கொடுத்தது சும்மா இல்லை.

கீரைக்கு வேறொரு பெருமை உண்டு. அதை ஒரு பயிற்சி வகுப்பில் டாக்டர் ஒருவர் சொல்லிக் கேட்டேன், இன்னும் மறக்கவில்லை. லூசி வில்ஸ் என்று ஒரு ஆங்கிலேய டாக்டரம்மா 1928-இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் சோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். அது ஏன் என்று பார்க்க வந்தவர், அவர்கள் வீடுகளுக்குப் போய் என்ன தின்கிறார்கள் என்று பார்த்தார். கடைசியில் ரொட்டியில் தடவுகிற மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அவர்களைத் தூக்கி நிறுத்தியது. 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும், இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அது, வேலை செய்திருக்கிறார். அந்தச் சாற்றில் என்ன இருந்தது என்பது பத்து வருஷம் கழித்து, நாலு டன் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்த பிறகுதான் தெளிந்தது. இலை என்ற பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று இரும்பு மாத்திரைக்குள் சேர்ந்து வருவது அதுதான். கீரையைக் குழைய வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறோமே, அதில் இதுவும் போய்விடும்.

சோகைக்கு மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கு அநேகமாகக் கருப்பையில் நார்க்கட்டி இருக்கும். கட்டி என்றதும் புற்று என்று நடுங்குவார்கள். நார்க்கட்டி புற்றில்லை. மாதவிலக்கு நின்றால் தானாகச் சுருங்குவதும் உண்டு. போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கிற சாதனம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களிடம் "எடுத்துப் போட்டுடுங்க, நிம்மதி" என்ற பேச்சுதான் அதிகம். முப்பத்துநாலு வயதுக்காரி ஒருத்தி நகையை வட்டிக்கடையில் வைத்து ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைப்படுதலுக்காம். எலும்பு உருகி வெளியே வருகிறது என்று யாரோ சொன்னார்களாம். மாதத்தில் சில நாள் நிறமில்லாமல், நாற்றமில்லாமல் படுவது உடம்பின் இயல்பு. தயிர் மாதிரி திரிதிரியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சை, சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். மீன் வாடையோ பச்சை நிறமோ இருந்தால் வேறு தொற்று. எல்லாமே சில நாள் மருந்தில் தீருபவை. சிலவற்றுக்குப் புருஷனுக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். "அவரையும் கூட்டிட்டு வா" என்பேன். முப்பத்திரண்டு வருஷத்தில் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம்.

மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கருப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் பெரிய செய்தியானது. மாதவிலக்கில் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அபராதமாம். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, எடுத்ததால் பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பத்தைந்தில் கிழவியின் எலும்பு வந்துவிடும் என்பதை முன்னாலேயே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும் இல்லையா?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஆணுக்கு மாதவிலக்கு இல்லை. அவனுக்குச் சோகை என்றால் ரத்தம் மூலத்திலோ வயிற்றுப் புண்ணிலோ குடலிலோ கசிகிறதா என்று தேடியே ஆக வேண்டும். டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

இத்தனை வீட்டில் எத்தனை துணி என்று கேட்டவள், என் வீட்டில் கேட்கவில்லை. 1996. அத்தைக்கு, என் மாமியாருக்கு, அப்போது ஐம்பத்தொன்பது. மாதவிலக்கு நின்று பத்து வருஷமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர், திடீரென்று "தம்பி, நீ ஏத்துடா" என்று என் பையனிடம் தீப்பெட்டியைக் கொடுக்க ஆரம்பித்தார். பேரனுக்குப் பழக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலுக்கும் போகவில்லை. முட்டி வலி என்றார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு விடியலில் கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தவரைப் பார்த்தபிறகுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. "திரும்பவும் தீட்டு வருதும்மா. இந்த வயசுல வெளிய சொன்னா சிரிப்பாங்க." கருப்பை வாய்ப் புற்று. நின்றுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுதான். இரண்டு வருஷம் இருந்தார். ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

அந்தப் புற்றுக்குப் பின்னாலுள்ள கிருமியைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது சிறுமிகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. முப்பது வயதான பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை உண்டு. வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை நீர்த்துக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பார்கள், மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். வலி இல்லை, காசு இல்லை. கூப்பிட்டால் பெண்கள் "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்பார்கள். நான் அத்தையின் விளக்குக் கதையைச் சொல்வேன். அதைக் கேட்ட பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

பேத்தி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவள் மாடிப்படியில் பாதியில் நின்றாள். "எத்தனை பேட்?" என்றேன். சிணுங்காமல் போனை எடுத்து மாதவாரியாகக் காட்டினாள், எல்லாம் குறித்து வைத்திருக்கிறாள். ஹீமோகுளோபின் 8.6. பரிசோதனைக் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "அம்மாச்சி, உனக்கு எவ்வளவு?" என்றாள். ஓய்வு பெற்றதிலிருந்து நான் பார்க்கவே இல்லை. 10.2. டாக்டர் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், வயிற்றையும் பார்க்கச் சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை. மாத்திரைதான்.

ராத்திரி ஒன்பதரைக்கு அவள் போன் வரும். போட்டாச்சா என்பாள். போட்டாச்சு என்பேன். சாப்பிட்டவுடனே டீ குடித்த நாட்களை மட்டும் நான் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை என்றுதான் நினைக்கிறேன்.