மணி அடிப்பதற்கு முன்னால்

கல்லூரிகள் திறந்துவிட்டன. பிளாஸ்டிக் கோப்பில் மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அவற்றின் ஜெராக்ஸ் பிரதிகளும் வைத்துக்கொண்டு, அம்மாவையோ மாமாவையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு, அலுவலகச் சன்னல் முன்னால் நிற்கும் முதலாமாண்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே வரிசையில் நின்றவர்கள் நாங்கள். காவிரிப் படுகையில் ஓர் அரசு கலைக் கல்லூரி. பி.ஏ. பொருளியல். எல்லோருமே அவரவர் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எட்டுப் பேராகச் சேர்ந்தோம், இப்போது ஏழு பேர் இருக்கிறோம். அந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் முதலாமாண்டைப் பற்றி எழுத முடியாது. இதை எழுத இவ்வளவு நாள் ஆனதற்கும் அதுதான் காரணம்.

எங்களில் ஆறு பேர் ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதியில் ஒரே அறை. இருவர் மாணவியர் விடுதி. முதல் வாரம் எல்லாமே புதிதாக இருந்தது. பள்ளியில் சீருடை இருந்ததால் துணியைப் பற்றி யோசித்ததில்லை. இங்கே இரண்டு பேண்டை ஐந்து நாளைக்குப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. பிளஸ் டூவில் 'தேவை நெகிழ்ச்சி' என்று படித்தது, இங்கே 'எலாஸ்டிசிட்டி ஆஃப் டிமாண்ட்' என்று வேறு ஆளாக வந்து நின்றது. நமக்குத் தெரிந்த பாடம்தான் அது என்று புரியவே ஒரு மாதம் பிடித்தது.

பாடத்தைவிடக் கடினமாக இருந்தது ஒரு கேள்வி. "எந்த ஊர் தம்பி?" ஊரைச் சொன்னால் அது முடியாது. "அங்க எந்தப் பக்கம்? குடியானத் தெருவா, கீழத்தெருவா?" சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பதில் சொன்னதும் சிரிப்பு அப்படியே இருக்கும், அடுத்த நாள் அவர்கள் உட்காரும் பெஞ்சு மட்டும் மாறியிருக்கும். எங்களில் ஒருவர் பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்தார். ஒருவர் சித்தப்பா குடியிருக்கும் டவுனைத் தன் ஊர் என்றார். சொல்லாமல் மறைத்ததையும் ஒரு நாள் ஓர் அறிவிப்பு போட்டு உடைத்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து வந்தவர் வாசலில் நின்று, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எழுந்திரிங்க" என்றார். எழுந்தோம். அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் முன்கூட்டியே வந்தாலும் வகுப்புக்குள் போக மாட்டோம். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் ஒருவர், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒருவர் என்று நின்றிருப்போம். மணி அடித்ததும் கடைசி ஆளாக உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவோம். வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறுவோம். சேர்ந்து நின்றால் தெரிந்துவிடும் என்று ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதைக்கூடக் குறைத்துக்கொண்டோம். ஒரே அறையில் படுத்துக்கொண்டு ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நடந்தோம்.

இரண்டாவது மாதம் ஆங்கில வகுப்பில் எங்கள் அறை நண்பர் ஒருவரை எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது வரியில் திக்கினார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். வகுப்பு சிரித்தது. "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்று ஆசிரியர் சொன்னது முன் பெஞ்சுக்குத்தான் என்றாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அன்று இரவு விடுதியில் அவரிடம் யாரும் எதுவும் பேசவில்லை. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தோம். அது மரியாதையல்ல, பயம். பத்து நாள் கழித்து அவர் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். அங்கிருந்து திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்கு.

வேலையில் சேர்ந்து முதன்முறை அவர் ஊருக்கு வந்திருந்தபோது நாங்கள் நால்வர் போய்ப் பார்த்தோம். திரும்பி வரச் சொன்னோம். பீஸ் பிரச்சினையா, வீட்டில் கஷ்டமா என்று கேட்டோம். "கஷ்டம் எப்பவும் இருக்கறதுதானடா. அங்க எனக்குன்னு என்ன இருக்கு, சொல்லுங்க?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. அப்போது வாய்க்கால் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. "கானாங்கோழி. குஞ்சோட இருக்கும்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். கொஞ்ச நேரத்தில் கானாங்கோழி கோரைக்குள்ளிருந்து வெளியே வந்தது, பின்னாலேயே நாலு கருப்புக் குஞ்சுகள். இத்தனை நாள் ஒரே அறையில் இருந்தோம். இவருக்கு இது தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வியும் எங்களோடு வந்தது. கல்லூரியில் நமக்கென்று என்ன இருக்கிறது? ஸ்காலர்ஷிப் இருக்கிறது, விடுதி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் இருக்கிறது. எங்களில் பலருக்கு முதல் மாதப் பணம் அம்மாவின் மகளிர் குழுக் கடனுக்குப் போயிற்று, அதில் எங்களுக்குப் பெருமைதான். இவையெல்லாம் போராடிப் பெற்றவை. இவை இல்லாவிட்டால் நாங்கள் வாசலோடு நின்றிருப்போம். ஆனால் உள்ளே வந்த பிறகு காலையில் எழுந்து கிளம்ப வைக்கிற ஒன்று வேண்டுமே. மற்ற பிள்ளைகளுக்கு அது இருந்தது. ஒருவருக்குக் கிரிக்கெட், ஒருவருக்கு என்.சி.சி., ஒருவருக்குக் கேன்டீன் மேசை. நமக்குச் சொல்லி அனுப்பியது, "படிச்சோமா, வந்தோமான்னு இரு" என்பது மட்டும்தான். பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில் சொன்ன சொல் அது. எங்களை ஒடுங்க வைத்ததில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு.

அந்தச் சமயத்தில்தான் இரட்டைமலை சீனிவாசன் 1939-ல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' எங்கள் கைக்கு வந்தது. மாணவியர் விடுதித் தோழி மாவட்ட மைய நூலகத்திலிருந்து எடுத்து வந்தார். மிகச் சிறிய நூல். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். கூடப் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணர்கள். பழகினால் சாதியையும் இருப்பிடத்தையும் தெரிந்துகொண்டு தாழ்வாக நடத்துவார்களே என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது இருந்து வாசித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். முடிந்ததும் மற்ற மாணவர்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். படித்துவிட்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நூறு வருடத்துக்கும் முந்தைய அந்தப் பையனும் நாங்களும் ஒரே மணிக்காகக் காத்து நின்றிருக்கிறோம். ஆனால் அந்தப் பையன் வளர்ந்து 1893-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயர் தெரிந்துவிடக் கூடாது என்று ஓடினாரோ, அந்தப் பெயரையே அதற்கு வைத்தார்: 'பறையன்'.

அடுத்த நாள் நாங்கள் ஒரு முடிவு செய்தோம். எப்படியும் மணிக்கு முன்னால் வந்துவிடுகிறோம், தனித்தனியாக ஏன் நிற்க வேண்டும்? நூலகத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம் உண்டு. ஒன்பது மணிக்கு ஏழு பேரும் அங்கே கூடினோம். முதல் நாள் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. "உனக்கு என்ன புடிக்கும்?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல நிறைய நேரம் ஆனது. யாரும் எங்களை அதுவரை கேட்காத கேள்வி அது.

நூலகத்தில் அம்பேத்கர் நூல் தொகுப்பின் தமிழ்த் தொகுதிகள் கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடந்தன. நூலகரிடம் மூன்று முறை கேட்டுத் திறக்க வைத்தோம். அம்பேத்கர் கொலம்பியாவில் முதன்மையாகப் படித்ததும் எங்களைப்போலப் பொருளியல்தான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் என்று பல வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். 1916 மே 9 அன்று, 25 வயதில், 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவர் வாசித்தது ஒரு மானிடவியல் கருத்தரங்கில். பாடத்துக்கு வெளியே போன அந்த ஆர்வம்தான் சாதியின் அடிவேரைக் காட்டிக் கொடுத்தது. அதே அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டபோது அது மறுக்கப்பட்டு, பாரசீகம் படிக்க வேண்டியதாயிற்று. விரும்பியதைப் படிக்க விடாமல் செய்வதும் தீண்டாமைதான் என்று எங்களுக்கு அப்போது உறைத்தது.

இதில் ஒரு விஷயத்தை உடைத்துப் பேச வேண்டும். கல்லூரி விழாவுக்கு ஒத்திகை தொடங்கியபோது ஒரு சீனியர் எங்களிடம் வந்து, "பறை அடிக்கிறதுக்கு ஆள் வேணும். உங்க ஆளுங்க நல்லா அடிப்பாங்கள்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எங்களில் ஒருவர் முடியாது என்றார். அவருடைய தாத்தாவை ஊர்ச் சாவுக்கெல்லாம் கூப்பிட்டு அடிக்க வைத்தார்கள். போகாத நாளில் வீட்டு வாசலில் வந்து திட்டினார்கள். அப்பா ஒரு நாள் பறையைத் தூக்கி எரவாணத்தில் செருகியவர், பிறகு இறக்கவே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை மறுத்ததில் என்ன தவறு? ஆனால் மாணவியர் விடுதித் தோழி ஒருவருக்குப் பறை மேல் தீராத ஆசை. அவர் வீட்டில் பெண்கள் அதைத் தொட்டதே இல்லை. டவுனில் ஒரு கலைக்குழு அண்ணன் கற்றுக்கொடுக்கச் சம்மதித்தார். ஆறு மணிக்கு விடுதிக் கதவு சாத்திவிடும், அதனால் நாலரையிலிருந்து ஐந்தரை வரை மைதானத்தில் பழகினார். இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மறுத்தவரே ஒரு நாள் மாலை மைதானத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டார். மறுத்தது சரி, கற்றதும் சரி. இரண்டையும் அவரவரே முடிவு செய்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

நாங்கள் மதிக்கும் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "இத்தனை பிரச்சினை இருக்கறப்ப, குருவி பார்க்கிறதும் பாட்டு கத்துக்கிறதும் எதுக்குப்பா?" நியாயமான கேள்வி. எங்கள் பதில் இது: திருப்பூருக்குப் போன நண்பரை யாரும் அடித்துத் துரத்தவில்லை. இங்கே தனக்கென்று ஒன்றும் இல்லை என்று அவரை நினைக்க வைத்தார்கள், நாங்களும் அதற்கு உடந்தையாகச் சும்மா இருந்தோம். கூட்டத்துக்கு வருவதற்கும் மனு எழுதுவதற்கும் முதலில் பிள்ளைகள் கல்லூரியில் தங்க வேண்டும். பிடித்த ஒன்றும், அதைச் சொல்லிக்கொள்ள நாலு பேரும் இருந்தால் தங்குவார்கள்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015-லிருந்து நடக்கிறது. யாரும் சேரலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் குறித்து இணையத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். எங்களில் ஒருவர் செய்தித்தாளில் பார்த்துச் சொன்னார். அந்தப் பொங்கலுக்கு நாங்கள் திருப்பூர் நண்பரின் ஊருக்குப் போனோம், அவரும் லீவில் வந்திருந்தார். வாய்க்கால் கரையில் இரண்டு மணி நேரம். எங்களிடம் பைனாகுலர் இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். மடையான், செம்போத்து, மீன்கொத்தி, பனங்காடை, விடியும் முன்னாலேயே கத்தத் தொடங்கும் கரிச்சான். 19 வகை. நாற்று நடப் போன அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன வரப்புகளில் அவர் கற்ற படிப்பு அது. எந்தப் பல்கலைக்கழகமும் அவரைத் திக்க வைக்க முடியாத பாடம். கணக்கைப் பதியும்போது கவனித்தவர் பெயர் கேட்டது. அவர் பெயரைத்தான் போட்டோம். செல்போனை வாங்கி நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் திரும்ப வந்து சேரவில்லை. அன்று இரவே திருப்பூர் பஸ் ஏறினார். எப்போதாவது போன் செய்து, "இங்க சாயப்பட்டறைக்குப் பின்னாடி கரண்ட் கம்பியிலயும் கரிச்சான் இருக்குடா" என்பார். ஆங்கில வகுப்பு நடந்த அன்று இரவே நாங்கள் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் பேசிக்கொள்கிறோம்.

அதனால்தான் முதலாமாண்டுத் தம்பி தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்கிறோம். வகுப்பில் சாதிப் பெயரை அறிவிப்பதும், இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவதும் சாதாரண விஷயமல்ல. யு.ஜி.சி. 2012-ல் கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகள் இவற்றைத் துன்புறுத்தல் என்றே பட்டியலிட்டன. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றன. உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று கேளுங்கள். நாங்கள் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டோம். அடுத்த ஆண்டிலிருந்து ஸ்காலர்ஷிப் விவரம் வகுப்பு வாசலில் கத்தப்படவில்லை, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. சின்ன மாற்றம்தான். ஆனால் இந்த வருடம் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

பிடித்தது எதுவென்று உடனே தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். எங்களில் ஒருவர் சதுரங்கம், தையல், ஹிந்தி மூன்றையும் தொடங்கி மூன்றையும் விட்டார். இப்போது கேமரா என்கிறார். விட்டுவிடவும் நமக்கு உரிமை உண்டு.

வேப்பமரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருப்போம். எந்தத் தெரு என்று கேட்க மாட்டோம். என்ன பிடிக்கும் என்று கேட்போம். மணி அடிப்பதற்கு முன்னால் வாருங்கள், சேர்ந்தே உள்ளே போகலாம்.

ஜெய்பீம்.