இறங்கிய தோள்: சில குறிப்புகள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் “தோள்பட்டை எறங்கிடுச்சு” என்பார்கள். பைக் சறுக்கி விழுந்திருப்பார், அல்லது வரப்பில் தடுக்கிக் கையை ஊன்றியிருப்பார். அன்றே மருத்துவமனைக்குப் போனால், மயக்கம் கொடுத்து மூட்டை ஏற்றிவிடுவார்கள். பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. எண்ணெய் போட்டு நீவுவதிலும் புத்தூர் நாட்டு வைத்தியக் கட்டிலும் வாரங்கள் ஓடிவிட்டால் சிகிச்சையே மாறிவிடும்.

*

உடம்பில் அதிகம் விலகும் பெரிய மூட்டு தோள்தான். கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்ததுபோல், பெரிய எலும்புப் பந்து சிறிய குழியில் உட்கார்ந்திருக்கிறது. சவ்வும் தசையும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

*

சட்டையைக் கழற்றினாலே தெரியும். உருண்டிருக்க வேண்டிய தோள் தட்டையாகி, மேலே எலும்பு முனை துருத்தும். அடிபட்ட கையை எதிர்த் தோளில் வைத்து முழங்கையை மார்போடு ஒட்டச் சொன்னால் முடியாது. நாளாக ஆக வலி குறையும். “சரியாகிவிட்டது” என்று இருந்துவிடுவார்கள். ஆனால் தலை வாரக் கை எழாது.

*

வலிப்பு வந்தவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும் பந்து பின்பக்கமாக விலகலாம். நேராக எடுத்த ஒரே எக்ஸ்ரேயில் இது எளிதில் கண்ணுக்குத் தப்பும். இன்னொரு கோணத்திலும் எடுக்க வேண்டும்.

*

மூன்று வாரம் தாண்டினால் நாள்பட்ட விலகல் என்று பொதுவாகக் கணக்கு. அதற்குள் குழியில் தழும்புத் திசு நிறைந்துவிடும், தசை சுருங்கும், எலும்பு பலம் இழக்கும். அக்குளில் ஓடும் ரத்தக்குழாயும் நரம்பும் தழும்போடு ஒட்டியிருக்கலாம். இந்த நிலையில் முரட்டுத்தனமாக இழுத்தால் எலும்பு முறியலாம், ரத்தக்குழாய் கிழியலாம்.

*

அறுவை சிகிச்சையில் தோளைத் திறந்து, குழியைச் சுத்தம் செய்து, பந்தை உட்கார வைப்பார்கள். மறுபடி நழுவாமல் சில வாரங்களுக்குக் கம்பி செருகுவதும் உண்டு. குழியின் முன்விளிம்பு தேய்ந்திருந்தால், பக்கத்திலுள்ள எலும்பு முனையை வெட்டி அங்கே திருகாணியால் பொருத்துவார்கள். பிரான்ஸின் மருத்துவர் லதார்ஜே 1954-ல் எழுதிய முறை இது. பின்பக்க விலகலில் பந்தில் பள்ளம் விழுந்திருந்தால் தசைநாணை அந்தப் பள்ளத்தில் பதிப்பது மெக்லாஃப்லின் முறை. பந்தில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு மேல் சிதைந்திருந்தால் செயற்கை மூட்டைப் பற்றி யோசிப்பார்கள். தசைநாண் கிழிந்த முதியவருக்குப் பந்தும் குழியும் இடம் மாறிய ‘ரிவர்ஸ்’ மூட்டு பொருந்தும்.

வயதானவர், வலி அதிகமில்லை, அன்றாட வேலை நடக்கிறது என்றால் அறுக்காமல் பிசியோதெரபியோடு விடுவதும் முறையான சிகிச்சைதான். அறுத்தாலும் மாதக்கணக்கில் பயிற்சி செய்தால்தான் கை எழும்.

*

விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையிலேயே ஜிப்மர் மருத்துவமனை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தோளைக் கத்தியில்லாமல் ஏற்றுவதற்கு ஏற்ற நேரமும் அதுதான்.

*

விழுந்தவரின் தோளை யாரையும் நீவவோ இழுக்கவோ விடாதீர்கள். அன்றே இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுங்கள். ஏற்றிய பிறகும் ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதங்கள் கடந்திருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வழி இருக்கிறது.