மூன்று தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு

ட்ரோல்ஹாட்டன், மேற்கு ஸ்வீடன். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. சூரியன் எழுந்து நான்கு மணி நேரமாகிறது. தெரு இன்னும் எழவில்லை. ஒரு கொட்டகையின் தகரக் கதவு மட்டும் இடுப்பு உயரத்துக்குத் திறந்திருக்கிறது.

உள்ளே கறுப்பு சாப் 99 டர்போ. பானெட் மூக்குப் பக்கமாகக் கவிழ்ந்து திறந்திருக்கிறது. இன்ஜின் இருந்த இடம் பள்ளமாகக் கிடக்கிறது. பள்ளத்தில் ஒரு கந்தல் துணி, இரண்டு வாஷர், காய்ந்த பிர்ச் இலை ஒன்று.

இன்ஜின் தனியாக இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது. காருக்குள் 45 டிகிரி சாய்ந்தே காலம் தள்ளிய இன்ஜின். இங்கே நிமிர்த்தியிருக்கிறார்கள். கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி இருக்கிறது.

கியர்பாக்ஸ் தரையில், பலகை மேல். இந்தக் காரில் அது இன்ஜினுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும். தூக்கிய சங்கிலி உத்தரத்தில் இன்னும் லேசாக ஆடுகிறது.

பெரியவருக்கு எழுபத்தைந்து இருக்கும். நீல நிற ஆலைக் கோட்டு. மார்பில் சின்னம் தைத்திருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும், வட்டமாக. கம்பெனி 2011 டிசம்பரில் திவாலாகிவிட்டது. கோட்டு இன்னும் வேலைக்கு வருகிறது.

இளைஞனுக்கு இருபத்தைந்து. கையில் புதுக் கையுறை. இருவருக்கும் ஒரே மூக்கு.

மேசையில் பழைய சர்வீஸ் புத்தகம். ஒரு பக்கத்தில் 7.2 என்ற எண். அதைச் சுற்றிப் பென்சில் வட்டம். பக்கத்தில் பேனாவால் 8.5. பென்சிலும் பேனாவும் ஒரே கை அல்ல.

புத்தகம் மூடிக்கொள்ளாமலிருக்க அதன் மேல் ஒரு பிஸ்டன். அதன் தலையில் ஒரு ஓரம் எலி கடித்த வெல்லம் போல அரித்திருக்கிறது. ரிங் உட்காரும் வரம்பு உடைந்து, ஒரு துண்டைக் காணோம். பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங் தின்ற பிஸ்டன். பெரியவர் அதைச் சரியாக 8.5-இன் மேல் வைத்திருக்கிறார். இளைஞன் எடுத்து ஓரமாக வைக்கிறான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பிஸ்டன் பழைய இடத்தில் இருக்கிறது.

சுவரில் ஒரு சுவரொட்டி. இதே கார், இதே கறுப்பு. 1977 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய வண்டி. இரண்டு லிட்டர் இன்ஜின், 145 குதிரைத்திறன். டர்போ பின்னாலிருந்து காற்றைத் திணிக்கும் என்பதால் கம்பெனி கம்ப்ரெஷனை 7.2-க்கு இறக்கி வைத்தது. இறக்கியதால் டர்போ விழிக்கும் வரை வண்டிக்குச் சோம்பல். சிக்னலில் பச்சை விழும். டர்போ இல்லாத பக்கத்து வண்டி போய்விடும். இது யோசிக்கும்.

சுவரொட்டி அதைச் சொல்லவில்லை.

இளைஞன் ஒரு தாளில் கணக்குப் போடுகிறான். சிலிண்டர் விட்டம் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறும் தூரம் 78. ஒரு சிலிண்டருக்கு 496 சிசி. பிஸ்டன் உச்சிக்கு ஏறிய பின் அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் 80.0 சிசி. இரண்டையும் கூட்டி, மிஞ்சும் இடத்தால் வகுத்தால் 7.2. அந்த இடம் 66.2 ஆனால் 8.5.

கழிக்கிறான். 13.8.

ஊசியில்லாத ஒரு சிரிஞ்சை எடுக்கிறான். டம்ளர் நீரில் முக்கி 13.8 வரை இழுக்கிறான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறான். மூன்று தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. கீழே தரையெல்லாம் பரப்பி வைத்த கார்.

சிரிஞ்சையும் பார்க்கிறான். தரையையும் பார்க்கிறான். நீரை ஜன்னலோரத் தக்காளிச் செடிக்கு ஊற்றுகிறான்.

அந்தச் செடி நிற்கும் தட்டு ஒரு பழைய சிலிண்டர் ஹெட். யாரோ அடிப்பாகத்தை அளவுக்கு மீறி மெஷினில் சீவியிருக்கிறார்கள். கம்ப்ரெஷன் ஏற்ற மலிவான வழி அது. சீவச் சீவ ஹெட் இறங்கும், இடம் குறையும். டைமிங் செயினும் தொளதொளக்கும். செடி நன்றாக வளர்ந்திருக்கிறது.

புதுப் பிஸ்டன்கள் அட்டைப்பெட்டியில் வந்திருக்கின்றன. நான்கு. தலையில் பள்ளம், பழையதைவிட ஆழம் குறைவு. பெரியவர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவுகிறார். ஓரத்தில் கூர்மை இருக்கிறது. மெல்லிய உப்புத்தாளை எடுத்து அந்தக் கூர்மையை மழுக்குகிறார். கூரான ஓரம் சூடேறிச் சிவக்கும். சிவந்தால் பிளக் சொல்வதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். நான்கு பிஸ்டன். நான்கு வட்டம். ஒரு மணி நேரம்.

அடுத்து ஹெட். மேசையில் குப்புற இருக்கிறது. வால்வுகள் மூடியிருக்கின்றன, பிளக் மாட்டியிருக்கிறது. முதல் அறையின் விளிம்பில் கிரீஸ் தடவுகிறார். மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு, நடுவில் சிறு துளை. துளைக்கு மேல் ப்யூரெட். சிவப்புச் சாயம் கலந்த மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.

தகட்டுக்கு அடியில் காற்றுக் குமிழ் ஒன்று ஓடுகிறது. பெரியவர் மேசையை ஒரு விரலால் தட்டுகிறார். குமிழ் துளைக்கு வந்து போய்விடுகிறது.

இளைஞன் அளவைச் சொல்கிறான். பெரியவர் எழுதுகிறார். இரண்டாம் அறை. மூன்றாம் அறை. நான்காம் அறை. மூன்றாவதில் மட்டும் அரை சிசி குறைகிறது. எழுதியதைப் பெரியவர் அடிக்கோடிடுகிறார். மூன்றாம் அறையை மறுபடி நிரப்புகிறார்கள். அதே எண். மறுபடி. அதே எண்.

பெரியவர் ஒரு டப்பாவைத் திறக்கிறார். ஸ்னூஸ் புகையிலைப் பொட்டலம் ஒன்றை மேலுதட்டுக்கு அடியில் செருகுகிறார். பிறகுதான் சுழல் அரத்தை எடுக்கிறார்.

காபி.

இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்று. கத்தியால் இரண்டாக வெட்டியிருக்கிறது. வெட்டு சரிபாதியில் விழுந்திருக்கிறது.

மதியம் ரிங். பிஸ்டனுக்கு இரண்டு கம்ப்ரெஷன் ரிங். நான்கு பிஸ்டனுக்கு எட்டு. ஒன்றைச் சிலிண்டருக்குள் இறக்குகிறான். பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதைச் சமமாகத் தள்ளுகிறான். ரிங்கின் இரு முனைக்கும் நடுவே இடைவெளி. ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கிறான். நுழையவில்லை.

ரிங்கை வெளியே எடுக்கிறான். அரத்தால் மூன்று இழுப்பு, வெளியிலிருந்து உள்ளே. மறுபடி சிலிண்டர். மறுபடி பிஸ்டன். மறுபடி ஃபீலர். நுழையவில்லை. மூன்று இழுப்பு.

டர்போ இன்ஜினில் சூடு அதிகம், ரிங்கும் அதற்கேற்பப் பெருக்கும். இடைவெளி போதாவிட்டால் முனையும் முனையும் முட்டி, பிஸ்டனின் வரம்பைப் பெயர்த்துவிடும். புத்தகத்தின் மேல் இருக்கும் பிஸ்டன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஐந்தாவது ரிங்கில் இளைஞன் நான்கு இழுப்பு இழுக்கிறான். பெரியவர் நிமிரவில்லை. "மூணு" என்கிறார்.

மாலை. வெளிச்சம் நடுப்பகல் போலவே இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் பச்சைக் களிமண்ணைப் பட்டாணி அளவு உருட்டிப் பிஸ்டன் தலையில் ஒட்டுகிறார்கள். ஹெட்டை மாட்டி, செயினை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுகிறார்கள். மறுபடி எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். களிமண்ணில் வால்வு பதிந்த தடம். பெரியவர் அதைக் குறுக்கே வெட்டி, வெர்னியரால் கனம் பார்க்கிறார். தலையசைக்கிறார். வால்வு பிஸ்டனைத் தொடாது.

களிமண்ணை உருட்டிப் பெட்டியில் போடுகிறார். பெட்டி மூடியில் கோணல் எழுத்தில் ஒரு குழந்தைப் பெயர். இளைஞன் மூடியைப் பார்க்கிறான். காது சிவக்கிறது.

ஆகஸ்ட். கார் தரையில் நிற்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு புது இன்டர்கூலர். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த வண்டியில் அது கிடையாது. டர்போ நசுக்கிய காற்று கொதித்துக்கொண்டேதான் இன்ஜினுக்குள் போனது. பெட்ரோல் டேங்கின் மூடிக்குப் பக்கத்தில் வெள்ளை டேப். அதில் 98. ஸ்வீடன் பங்க்குகளில் 95 ஆக்டேன் பெட்ரோல் 2021-இலிருந்து பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. கிழட்டு வண்டிகளுக்கு 98.

ரிங் படிய வேண்டுமென்று மூன்று வாரம் மெதுவாக ஓட்டியிருக்கிறார்கள். டர்போ முள் சிவப்புப் பக்கம் போகவில்லை. இளைஞன் தினமும் அந்த முள்ளைப் பார்த்திருக்கிறான்.

இன்று இன்ஜின் பிளாக்கில் ஒரு போல்ட்டுக்கு அடியில் தட்டையாக்கிய செப்புக் குழாய். குழாயிலிருந்து ரப்பர் ஹோஸ், பானெட் இடுக்கு வழியாக, முன் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. ஹோஸின் முடிவில் மரம் அறுப்பவர்கள் போடும் காதடைப்பான். ஒரு பக்கத்தில் துளை போட்டு ஹோஸைச் செருகியிருக்கிறது. பெரியவர் அதை மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்கிறார்.

1982-இல் கம்பெனியே இன்ஜினுக்கு இப்படி ஒரு காது வைத்தது. பிளாக்கில் சிறு சென்சார். நாக்கிங் கேட்ட கணமே அது டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும். ஏபிசி (APC) என்று பெயர். அந்தக் காது வந்த பிறகுதான் கம்பெனி 8.5-க்கு ஏறத் துணிந்தது. பிறகு 16 வால்வு, 9.0, 175 குதிரைத்திறன். இந்தக் கார் அதற்கெல்லாம் மூத்தது. இதற்கு நீலக் கோட்டுக்காரர் காதுதான்.

சாவி இரண்டு சீட்டுக்கும் நடுவில். இளைஞன் திருப்புகிறான். இன்ஜின் பிடித்துக்கொள்கிறது.

ஊர் எல்லை தாண்டிய சாலை. இருபுறமும் பைன் மரம். மூன்றாம் கியர். ஆக்ஸிலரேட்டர் முழுதும் இறங்குகிறது. இம்முறை வண்டி யோசிக்கவில்லை. முள் ஏறுகிறது. பெரியவரின் ஆட்காட்டி விரல் முழங்கால் மேல் கிடக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் விரல் எழுகிறது. இளைஞன் காலை எடுக்கிறான்.

அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம். ஹோஸ் வழியாக ஒருவருக்கு மட்டும்.

ஓரமாக நிறுத்துகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்புகிறார்கள். டைமிங் லைட்டில் இரண்டு டிகிரி பின்னால். மறுபடி மூன்றாம் கியர். மறுபடி விரல், இம்முறை 3500-இல். மறுபடி நிறுத்தம். இன்னும் ஒரு டிகிரி.

"தாத்தா, இதுக்கு மேல பின்னால போனா ஏத்தினதெல்லாம் போச்சு."

பெரியவர் காதடைப்பானை ஒரு பக்கம் தூக்குகிறார். அவன் மறுபடி சொல்கிறான். அவர் காதடைப்பானை இறக்கிவிடுகிறார்.

மூன்றாம் ஓட்டம். 3000. 3500. 4000. விரல் முழங்கால் மேலேயே இருக்கிறது. 4500. விரல் லேசாகத் துடிக்கிறது. எழவில்லை. இளைஞன் சாலையைப் பார்க்காமல் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

திரும்பும் வழியில் அருவிக்குப் பக்கத்துப் பாலம். வண்டிகள் நின்றுவிட்டன. மனிதர்கள் கம்பியில் சாய்ந்து கீழே பார்க்கிறார்கள். கீழே வெறும் பாறை. ஆற்றை மின்நிலையம் எடுத்துக்கொண்டு நூறு வருடத்துக்கு மேலாகிறது. கோடையில் மதியம் மூன்று மணிக்கு மதகைத் திறந்து கொஞ்ச நேரம் அருவியைத் திருப்பித் தருகிறார்கள். ஒரு சிறுமி ஐஸ்கிரீமை நக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் மணிக்கட்டில் வெள்ளைக் கோடு இறங்குகிறது.

மூன்று மணி.

மதகு திறக்கிறது. வினாடிக்கு மூன்று லட்சம் லிட்டர். பாறை மறைகிறது. பாலம் அதிர்கிறது. எல்லாக் கைகளிலும் செல்போன் உயர்கிறது. இளைஞன் கதவைத் திறந்து இறங்கி, எட்டிப் பார்க்கிறான்.

பெரியவர் இறங்கவில்லை. காதடைப்பானும் இறங்கவில்லை. இன்ஜின் ஐடிலில் ஓடுகிறது. கண் மூடியிருக்கிறது. விரல் முழங்கால் மேல்.

முன்னால் வண்டிகள் நகர்கின்றன. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது. மறுபடி அடிக்கிறது. பெரியவர் அசையவில்லை.