ஒரு கட்டுரை வந்து சேர்ந்த வழி



சென்ற வாரம் ஆசிரியத் தோழி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பகுதி நேரமாக முதுகலைப் பட்டப் படிப்பை மேற்கொண்டு வருபவர். "ஐயா, எனக்கு வேண்டிய ஆய்வுக் கட்டுரை இணையத்தில் இருக்கிறது. ஆனால், பணம் கட்டினால்தான் திறக்கும் என்கிறது. என்ன செய்வது?" என்று வருத்தத்தோடு கேட்டார். அவருக்கு நான் கூறிய மறுமொழி பலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கு எழுதுகிறேன். அந்த மறுமொழிக்குப் பின்னால் ஒரு மாணவன் இருக்கிறான். நான் செய்த பிழை ஒன்றும் இருக்கிறது.

அந்த மாணவன்

2012-ஆம் ஆண்டில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குத் தமிழ்மொழி கற்பித்துக் கொண்டிருந்தேன். அவ்வகுப்பில் ஒரு மாணவன். கதை சொன்னால் கண்கொட்டாமல் கேட்பான். கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால், நூலைத் திறந்து வாசிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்பான். உயிரெழுத்துகளை அறிவான், மெய்யெழுத்துகளையும் ஓரளவு அறிவான். உயிர்மெய் வந்தால் தடுமாறுவான். 'கொ' என்பதைக் 'கெ' என்பான். 'கு' தெரியும், 'து', 'நு' தெரியாது.

அவன் சோம்பல் படுகிறான் என்று நான் முடிவு கட்டினேன். 247 எழுத்துகளையும் நாள்தோறும் எழுதி வரப் பணித்தேன். அவனும் எழுதி வந்தான். வாசிப்பு மட்டும் வரவில்லை. ஆண்டிடைத் தேர்வு அறிக்கையில் 'முயற்சி போதவில்லை' என்று சிவப்பு மையால் எழுதினேன்.

அறிக்கையில் கையொப்பமிட அவன் தாயார் வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். "சார், இவன் சோம்பேறி இல்ல சார். ராத்திரி நான் வேலைக்குக் கிளம்புற வரைக்கும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கான். தமிழ் இவனுக்கு வரலன்னா, அடுத்த வருசம் வேற பள்ளிக்கூடம் மாத்திரலாமா சார்?" என்றார்.

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. "அம்மா, கொஞ்ச நாள் பொறுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நாள்தோறும் எழுதியும் ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால், குறை பிள்ளையிடம் மட்டும்தான் இருக்க வேண்டுமா? அன்றிரவு முழுவதும் இக்கேள்வி என்னை உறுத்தியது.

பூட்டிய கதவு

அப்போது நானும் பகுதி நேர மாணவனாக ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்தேன். உயிர்மெய் எழுத்துமுறையில் குழந்தைகள் வாசிக்கக் கற்பது எப்படி என்று இணையத்தில் தேடினேன். ஆங்கில வாசிப்பைப் பற்றி எண்ணற்ற கட்டுரைகள் கிடைத்தன. நம் எழுத்துமுறையைப் பற்றிக் கிடைத்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்று, 2007-ஆம் ஆண்டில் 'ஜர்னல் ஆஃப் ரிசர்ச் இன் ரீடிங்' என்னும் ஆய்விதழில் சோனாலி நாக் என்பவர் எழுதியது. கன்னடக் குழந்தைகளின் தொடக்க நிலை வாசிப்பை ஆராய்ந்தது. கன்னடத்திற்கும் தமிழைப் போலவே உயிர்மெய் முறை உண்டல்லவா? ஆகவே, அக்கட்டுரையைப் படித்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சுருக்கத்தை மட்டுமே படிக்க முடிந்தது. முழுக் கட்டுரைக்கு முப்பது அமெரிக்க டாலருக்கு மேல் கேட்டார்கள். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ நூறு ரிங்கிட். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பதினாறு பக்கங்களுக்கு நூறு ரிங்கிட் கொடுக்க மனம் ஒப்பவில்லை. நான் படித்த பல்கலைக்கழகமோ அவ்விதழுக்குச் சந்தா செலுத்தவில்லை.

நூலக முகப்பிடத்தில் பணிபுரிந்த மலாய்ப் பெண்மணி ஒருவரிடம் என் குறையைச் சொன்னேன். அவர் ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி, வெளியீட்டு எண், ஆண்டு, பக்க எண்கள் ஆகியவற்றை நிரப்பச் சொன்னார். தனிப்பட்ட கல்விக்கும் ஆய்வுக்கும் மட்டுமே பயன்படுத்துவேன் என்னும் உறுதிமொழியில் கையொப்பமும் வாங்கிக் கொண்டார். ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. நாட்டின் மற்றொரு பல்கலைக்கழக நூலகம் அக்கட்டுரையை அனுப்பியிருந்தது. நான் செலுத்தியது சில ரிங்கிட் மட்டுமே.

நூலகங்களுக்கிடையே நடப்பது என்ன?

இந்தச் சேவைக்கு நூலகங்களுக்கிடையிலான இரவல் என்று பெயர். உலகில் எந்த நூலகமும் எல்லா இதழ்களையும் வாங்கிவிட முடியாது. ஆகவே, என்னிடம் உள்ளதை நீ கேள், உன்னிடம் உள்ளதை நான் கேட்கிறேன் என்று நூலகங்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொள்கின்றன. நூலாக இருந்தால் இரவலாகச் செல்லும். படித்த பின் திரும்பி வரும். இதழ்க் கட்டுரையாக இருந்தால் இதழ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு படி மட்டும் எடுத்து அனுப்பப்படும். முன்பு ஒளிநகல் எடுத்து அஞ்சலில் அனுப்பினார்கள். பிறகு தொலைநகலில் அனுப்பினார்கள். இப்போது பெரும்பாலும் பி.டி.எஃப் கோப்பாக வருகிறது.

இது புதிய ஏற்பாடன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகர் ஜோசப் ரோவல் 1894-இலேயே பிற நூலகங்களோடு இத்தகைய பரிமாற்றத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பாஸ்டன் ஸ்பா என்னும் ஊரருகே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெடிபொருள் தொழிற்சாலை இருந்த நிலத்தில், 1960-களின் தொடக்கத்தில் ஒரு நூலகம் எழுந்தது. பிற நூலகங்களுக்குக் கட்டுரைகளை வழங்குவதே அதன் முதன்மைப் பணி. 1973-இல் அது பிரிட்டிஷ் நூலகத்தின் பகுதியாயிற்று. உள்நாட்டில் கிடைக்காத கட்டுரையை அங்கிருந்து வரவழைப்பது பல நாட்டு நூலகர்களின் வழக்கமாக இருந்து வந்துள்ளது. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் முடங்கியபோதுதான், எத்தனை பேர் அதை நம்பியிருந்தனர் என்பது பலருக்கும் புரிந்தது.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. அச்சிதழ் நூலகத்தின் உடைமை. மின்னிதழ் அப்படியன்று, அதைப் படிக்கும் உரிமையை மட்டுமே நூலகம் பெறுகிறது. பிற நூலகத்துக்குப் படி அனுப்பலாமா, எவ்வாறு அனுப்பலாம் என்பதையெல்லாம் பதிப்பகத்தோடு செய்த ஒப்பந்தமே முடிவு செய்கிறது. கணினியில் இருக்கும் கட்டுரையை முதலில் தாளில் அச்சிட்டு, மீண்டும் வருடி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தங்களும் இருந்திருக்கின்றன! நமக்கு ஒரு கட்டுரை தாமதமாக வந்தால் நூலகரை நொந்துகொள்ள வேண்டா. அவர் நமக்காக எத்தனை கதவுகளைத் தட்டினாரோ!

'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்னும் நூலை 1931-இல் எழுதிய சீ. இரா. அரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றியவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்பதும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவர் வகுத்த விதிகளுள் அடங்கும். அந்த முகப்பிடப் பெண்மணி எனக்குச் செய்தது அதைத்தான்.

கட்டுரை கற்றுத் தந்தது

ஆங்கில எழுத்துகள் 26. அவற்றைக் குழந்தைகள் விரைவில் அறிந்துகொள்கிறார்கள். கன்னடம் போன்ற உயிர்மெய் எழுத்துமுறையில் கற்க வேண்டிய வடிவங்கள் மிகப் பல. ஆகவே, எழுத்தறிவு முழுமை பெறத் தொடக்கப்பள்ளியின் முதலிரண்டு ஆண்டுகள் போதா என்பதை அக்கட்டுரை காட்டியது. குழந்தைகள் அசையை எளிதில் உணர்கிறார்கள். அசைக்குள் இருக்கும் தனித்தனி ஒலிகளை உணரும் திறன் மெல்லத்தான் வளர்கிறது என்பதையும் அதில் படித்தேன்.

படித்து முடித்ததும் என் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. அம்மாணவன் சற்று நீண்ட பாதையில் நடந்து கொண்டிருந்தான். நானோ அவனைப் பார்த்து, ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று கடிந்துகொண்டிருந்தேன்.

247 எழுத்துகளை எழுதும் பணியை அன்றோடு நிறுத்தினேன். ஒரு வாரத்திற்கு ஒரே ஓர் உயிர்க்குறி. 'க்' என்னும் ஒலியோடு 'ஒ' என்னும் ஒலி சேர்ந்தால் 'கொ' எப்படிப் பிறக்கிறது என்பதை வாயால் சொல்லி, அட்டைகளை நகர்த்திக் காட்டினேன். வடிவம் மாறி மாறி வரும் உகர வரிசையைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். குறைநீக்கல் வகுப்பு ஆசிரியரும் துணை நின்றார். அவன் தாயாரை அழைத்து, "அம்மா, பிள்ளை முயற்சி செய்திருக்கிறான். நான் எழுதியதுதான் தவறு" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பள்ளியையும் மாற்றவில்லை.

ஒரு கட்டுரையால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். அது கன்னடத்தைப் பற்றியது. என் மாணவனைப் பற்றியது அன்று. கடுமையான வாசிப்புக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு மருத்துவ மதிப்பீடு தேவைப்படலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும், நான்காம் ஆண்டு முடிவில் அவன் ஒரு பக்கக் கதையை, மெதுவாக, யார் துணையும் இல்லாமல் வாசித்தான். எனக்கு அது போதும்.

ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்

கட்டுரைக்குப் பணம் கேட்டால் உடனே மனம் தளர வேண்டா. முதலில் கட்டுரைத் தலைப்பை முழுமையாக இட்டுக் கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். ஆசிரியர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் படியை வைத்திருக்கக்கூடும். இல்லையேல், கட்டுரையாளருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அதுவும் பயன் தராவிட்டால் பல்கலைக்கழக நூலகரிடம் செல்லுங்கள். மாணவர் அல்லாதோருக்கும் முன்னாள் மாணவருக்கும் என்ன உறுப்பியம் உண்டு என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கட்டுரையின் விவரங்கள் துல்லியமாக இருந்தால்தான் நூலகரால் தேடித் தர முடியும். நம் மாநாட்டு மலர்களையும் பள்ளி ஆய்வுத் தொகுப்புகளையும் எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் ஆண்டு இல்லை. சிலவற்றில் பக்க எண் இல்லை. எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதும் தெரிவதில்லை. தமிழ் வாசிப்பைப் பற்றி நம் ஆசிரியர் ஒருவர் எழுதியது எங்கோ ஓர் அலமாரியில் உறங்கிக் கொண்டிருக்கலாம். 2012-இல் நான் தேடியது அதுவாகவே இருந்திருக்கவும் கூடும். எழுதுங்கள், முழு விவரங்களோடு வெளியிடுங்கள், ஒரு படியை நூலகத்திற்குக் கொடுங்கள். நாளை வேறோர் ஆசிரியர், வேறொரு பிள்ளைக்காக, அதைத் தேடி வருவார்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.