வெறும் சீஸ்தாம்மா

அம்மா பிறந்தது செப்டம்பர் கடைசியில். அதனால் அவர் பிறந்தநாள் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக்குள் மாட்டிக்கொள்ளும். ஏழு வருடத்துக்கு முன்பு அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது அம்மா பெருமாளிடம் ஒரு வேண்டுதல் வைத்தார். அப்பா நல்லபடியாக வீடு திரும்பினால் ஆயுசுக்கும் புரட்டாசி முழுக்கச் சைவம், முட்டைகூடக் கிடையாது. அப்பா திரும்பினார். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறார். யாருக்காக விரதமோ அந்த அப்பாதான் பாவம். அந்த ஒரு மாதமும் காஜாங் சாத்தே கடைகளைத் தாண்டும்போது காரின் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

அம்மாவுக்கு சீஸ் பிடிக்கும். மூன்று வருடமாகப் பிறந்தநாள் விருந்துக்கு இடம் பார்ப்பது என் பொறுப்பு. மூன்று முறையும் சீஸ் வழிகிற ஏதாவது ஒன்றைத்தான் வாங்கிக் கொடுத்தேன். கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் காளான் லசான்யா வந்தபோது, "இதுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "வெறும் சீஸ்தாம்மா" என்றேன். அவரும் சாப்பிட்டார்.

இந்த ஆண்டு அறுபது. வீட்டுக்குப் பக்கத்திலேயே, காஜாங்கில், விறகு அடுப்பு வைத்து 'அசல் இத்தாலிய உணவு' என்று பலகை மாட்டிய ஓர் இடத்தில் மேசை பதிவு செய்தேன். காரில் போகும்போதே பாடம் நடத்த ஆரம்பித்தேன். ஸ்பகெத்தியைக் கத்தியால் வெட்டக்கூடாது. கரண்டியை முட்டுக்கொடுக்கக்கூடாது, முள்கரண்டியாலேயே தட்டின் ஓரத்தில் சுற்றி எடுக்கவேண்டும். மீன், இறால் போட்ட பாஸ்தாவின் மேல் சீஸ் தூவக் கேட்கக்கூடாது. சாப்பிட்டு முடித்ததும் கப்புச்சினோ கேட்கக்கூடாது. பால் கலந்த காப்பியை இத்தாலிக்காரர்கள் காலையில்தான் குடிப்பார்கள்.

"சாப்பிடப் போறோமா, எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போறோமா?" என்றார் அப்பா.

உள்ளே போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அப்பா கையை உயர்த்தி, "அடிக்! அடிக்!" என்று கூப்பிட்டார். மாமாக் கடையில் அந்தக் குரலுக்கு நான்கு பேர் ஓடி வருவார்கள். இங்கே நான்கு மேசைகள் திரும்பிப் பார்த்தன. எனக்குக் காது சூடேறியது. இத்தாலிய வழக்கப்படி பரிமாறுபவரின் கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால் போதும், அவசரப்படுத்தமாட்டார்கள். முதலில் சின்னதாகத் தொட்டுக்கொள்ள ஏதாவது வரும். பிறகு பாஸ்தாவோ ரிசோத்தோவோ. இறைச்சி, மீன் எல்லாம் அதற்கும் பிறகு, தனித் தட்டில். ஆளுக்கொரு தட்டுதான். நம் குடும்பங்கள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து எடுத்துக்கொள்கிறவை. அதில் தப்பே இல்லை. ஆனால், 'நாங்கள் பகிர்ந்து சாப்பிடுவோம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் காலித் தட்டு கொண்டுவந்து வைப்பார்கள். சொல்லாமல் இருந்துவிட்டு, 'ஒருவருக்கு வந்துவிட்டது, மற்றவருக்கு வரவில்லை' என்று முகத்தைத் தூக்கிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

வந்த பெண்ணுக்கு இருபது, இருபத்தொரு வயதிருக்கும். பச்சைத் தூடோங். பாங்கியில் படிக்கிறாளாம், வார இறுதியில் இங்கே வேலை. அம்மாவுக்குக் காளான் ரிசோத்தோ, சீஸ் கொஞ்சம் கூடுதலாக என்றேன். "இது சைவம்தானே" என்று சேர்த்துக்கொண்டேன். கேள்விபோல் இருந்தாலும் அது கேள்வி இல்லை.

அவள் எழுதவில்லை. "கக், ஆண்ட்டி மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடமாட்டாரா, இல்லை முழுச் சைவமா?"

"முழுச் சைவம்."

"முட்டை?"

"அதுவும் இல்லை."

"கொஞ்சம் பொறுங்கள், சமையலறையில் கேட்டுவிட்டு வருகிறேன்."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது குறிப்புத் தாளில் நாலு வரி எழுதியிருந்தது. ரிசோத்தோ கோழி எலும்புச் சாற்றில் வேகிறது. தாக்லியாதெல்லே கடையிலேயே போட்ட பாஸ்தா, அதில் முட்டை இருக்கிறது. பன்னகோத்தா இனிப்பில் மாட்டு ஜெலாத்தின். கடைசி வரியை அவள் அம்மாவைப் பார்த்தே மெதுவாகச் சொன்னாள். மேலே தூவுகிற சீஸ், பால்குடி கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் சேர்த்துச் செய்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். பாலைத் திரட்டிக் கட்டியாக்க ஒரு நொதி தேவை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற புகழ்பெற்ற சீஸில் மூன்றே பொருள்கள்தான்: பால், உப்பு, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட். 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்கும் பெயர் அது. செய்முறையை மாற்றினால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. கிரானா பதானோவும் கன்று ரென்னட்டில் செய்வதுதான். பெக்கோரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டி. பேரங்காடியில் கிடைக்கும் சாதாரண சீஸ்கள் பல நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதியில் செய்தவை, அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். அதாவது, உணவகம் எவ்வளவுக்கெவ்வளவு அசலோ அவ்வளவுக்கவ்வளவு அம்மாவுக்கு ஆபத்து. ஹலால் சின்னம் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம். அந்தச் சின்னம் பன்றி இல்லை, அறுப்பு முறை சரி என்று சொல்லும். மாடு இல்லை என்றோ, சைவம் என்றோ சொல்லாது.

இதெல்லாம் அந்த நிமிடம் எனக்கு வேண்டியதாக இல்லை. பிறந்தநாள் மேசையில் கன்றுக்குட்டியின் வயிற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டாளே என்று கோபம்தான் வந்தது. "வெறும் சீஸ்தானே, இவ்வளவு விளக்கம் நாங்கள் கேட்கவில்லையே" என்றேன். தினமும் காலையில் கேட்பவர்கள் இனிமையானது என்று சொல்லும் அதே குரல்தான். அதைக் கத்திபோல எப்படிப் பிடிப்பது என்றும் எனக்குத் தெரியும்.

"மன்னிக்கணும், கக்" என்றாள். ஆனால் போகவில்லை, தாளைப் பிடித்தபடி நின்றாள்.

அம்மாதான் பேசினார். "அவளை ஏன் திட்டுறே? அவ கேட்டுட்டு வந்து சொல்றா." பிறகு என்னைப் பார்த்தார். "அன்னைக்கி அந்த லசான்யா சாப்பிட்டோமே?"

நான் மெனுவைப் பார்த்தேன். வானொலியில் மூன்று வினாடி மௌனம் வந்தாலே எங்களுக்கு வேர்த்துவிடும். இது அதைவிட நீளமாக இருந்தது.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது முழு உண்மையாக இருந்திருக்காது. அந்த லசான்யாவுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான், சைவ உணவைப் பற்றிய ஓர் அங்கத்துக்குக் குறிப்பு எடுக்கும்போது ரென்னட்டைப் பற்றிப் படித்திருந்தேன். அம்மா கேட்ட நேரத்தில் அது நினைவுக்கு வரவும் செய்தது. ஒரு துளிதானே, மேசை பதிவு செய்தாகிவிட்டதே, அம்மா ஆசையாகச் சாப்பிடுகிறாரே என்று விட்டுவிட்டேன். விரதம் எனக்கு இல்லை. அதனால் அதை அளந்து பார்த்து, இவ்வளவு போதும் என்று முடிவு செய்தது நான். அப்படி முடிவு செய்ய எனக்கு யார் உரிமை கொடுத்தது?

"இது எப்படிம்மா உனக்குத் தெரிஞ்சிச்சு?" என்று அம்மா அந்தப் பெண்ணை மலாயில் கேட்டார். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எங்களுக்கும் இதே பிரச்சினைதான், ஆண்ட்டி. ரென்னட் எந்தப் பிராணி, எப்படி அறுத்தது, ஜெலாத்தின் எதிலிருந்து என்று எங்கள் அம்மாவும் விடாமல் கேட்பார்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நான் அங்கே இல்லாததுபோல் பேசி முடிவெடுத்தார்கள்.

முடிவு, பீட்சா மரினாரா. பெயரைப் பார்த்து மீன் இருக்கும் என்று பயப்படவேண்டாம். தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸே கிடையாது. 1984-இல் தொடங்கிய நேப்பள்ஸ் பீட்சா சங்கம் தன் விதிமுறையில் வகுத்திருக்கும் இரண்டே இரண்டு வகைகளில் இது ஒன்று, மற்றது மார்கெரித்தா. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர மாவில் வேறெதுவும் சேராது. கூடவே பூண்டும் எண்ணெயும் போட்ட ஸ்பகெத்தி. பொட்டலத்தில் வரும் காய்ந்த ஸ்பகெத்தி துரும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான், முட்டை இல்லை. (எங்கள் வீட்டு விரதத்தில் பூண்டுக்கு விலக்கில்லை. உங்கள் வீட்டில் எப்படியோ, கேட்டுக்கொள்ளுங்கள்.)

பீட்சா வெட்டாமல் முழுதாக வந்தது. அசல் இடங்களில் அப்படித்தான். அம்மா என் பாடத்தை நினைத்துக்கொண்டு கத்தியையும் முள்கரண்டியையும் பேனாபோல் பிடித்தார். அந்தப் பெண், "கையால் சாப்பிடலாம், ஆண்ட்டி" என்றாள். சொன்னது சரி. நேப்பள்ஸ் தெருக்களில் பீட்சாவை நாலாக மடித்துப் பணப்பைபோல் கையில் பிடித்துத்தான் தின்பார்கள். அந்த ஊர் பீட்சாக்காரர்களின் கைவேலையை யுனெஸ்கோ 2017-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் அதே ஊர் மக்கள் தெருவோரம் நின்று மக்ரோனியைக் கையால் தூக்கி வாயில் விடுவதைப் பார்க்கலாம். கையால் சாப்பிடுவதில் வெட்கமெல்லாம் நமக்குத்தான், அதுவும் என்னைப்போல் காரில் பாடம் நடத்துகிறவர்களுக்கு.

அப்பா சில்லி சாஸ் கேட்டார். அது இல்லை, காய்ந்த மிளகாய்த் தூள் வந்தது. தென் இத்தாலியில் கலாப்ரியாக்காரர்கள் மிளகாய்ப் பிரியர்கள். தக்காளியும் மிளகாயும் அவர்களுக்கும் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதானே. தட்டில் மிஞ்சிய எண்ணெயை அம்மா ரொட்டியால் வழித்துத் துடைத்தார், தோசையின் கடைசி விள்ளலால் சட்னியைத் துடைப்பதுபோல. நான் வாயைத் திறக்கவில்லை. இத்தாலியில் அதற்குப் பெயரே உண்டு, 'ஸ்கார்ப்பெத்தா', சின்னச் செருப்பு. பெரிய விருந்துகளில் செய்யமாட்டார்கள். குடும்பமாக உட்கார்ந்தால் எல்லாரும் செய்வார்கள்.

எங்கள் காலை நிகழ்ச்சியில் ஒருமுறை, உணவகத்தில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன என்று நேயர்களைக் கேட்டோம். தொலைபேசி ஓயவில்லை. சிரிக்கவில்லை, தண்ணீர் கேட்டால் பாட்டிலைத் திறந்து காசு போடுகிறார்கள், பில் கேட்டால் வரவில்லை. (பில் விஷயத்தில் இத்தாலிக்காரர்கள் நேர் எதிர். நீங்களாகக் கேட்கும்வரை கொண்டுவரமாட்டார்கள். கேட்காமல் வைத்தால் 'எழுந்து போ' என்று அர்த்தமாகிவிடும்.) ஒருவர்கூட, 'எனக்கு ஒத்துவராததை என்னிடம் சொல்லவில்லை' என்று புகார் செய்யவில்லை. சிரிப்பைத்தான் நாம் சேவை என்று எண்ணி வைத்திருக்கிறோம். லசான்யா கொண்டுவந்த அந்தக் கோலாலம்பூர் பையன் அழகாகச் சிரித்து, "வெஜிடேரியன், போலே, போலே" என்றான். அவனுக்கு நான் பத்து ரிங்கிட் வைத்துவிட்டு வந்தேன்.

இங்கே பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அரசாங்கத்துக்குப் போகும் 6 விழுக்காடு சேவை வரி. இரண்டும் வேறு வேறு. முதலாவது வரியே அல்ல, உணவகம் விதிப்பது. ஹோட்டல் ஊழியர்களுக்குச் சேரவேண்டிய சேவைக் கட்டணத்தைக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஈடுகட்டப் பயன்படுத்தக்கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. தனி உணவகங்களில் அந்த 10 விழுக்காடு யார் கைக்குப் போகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். நான் அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "கொஞ்சம் வரும், கக்" என்று சிரித்தாள். அந்த இரவில் அவள் முதல்முறை சிரித்தது அப்போதுதான். பணத்தை மடித்துக் கையில் கொடுத்து, முன்பு பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள், "பரவாயில்லை, எங்க அம்மாவிடம் சொன்னாலும் இப்படித்தான் சத்தம் வரும்" என்றாள். சத்தம் போட்டது என் அம்மா அல்ல, நான்தான் என்பதை அவளும் மறந்திருக்கமாட்டாள்.

காரில் அம்மா முன்னால் உட்கார்ந்தார். முதல் சமிக்ஞை விளக்குவரை பேச்சில்லை.

"மூணு வருஷமும் அப்படித்தானா?"

"முதல் வருஷம் சத்தியமா தெரியாதும்மா."

"மத்த ரெண்டு வருஷம்?"

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். "தெரியும்மா" என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாத்தே கடைகள் இருக்கும் தெருவில் புகை தாழ்வாகப் பரவியிருந்தது. பின்னால் அப்பா வழக்கம்போல் கண்ணாடியை ஏற்றும் சத்தம் கேட்டது.

"வர்ற சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்கு நீயும் வர்றே" என்றார் அம்மா. "காலையில ஆறரைக்கு."

சனிக்கிழமை எனக்குக் காலை நிகழ்ச்சி. அன்றிரவே தயாரிப்பாளருக்குச் செய்தி அனுப்பி விடுப்புச் சொன்னேன்.