மறுமுனையில் யார்?

செய்தியாளர், வக்கீல், தொண்டு நிறுவனத்துக்காரர் என்று, பேச்சு வெளியே போனால் சிக்கலில் மாட்டக்கூடியவர்கள் எங்களிடம் வருவார்கள். அவர்களுடைய போனையும் லேப்டாப்பையும் ஒழுங்குபண்ணிக் கொடுப்பதுதான் வேலை. வீட்டில் கேட்டால் "போன் ரிப்பேர் மாதிரி" என்று சொல்லிவைத்திருக்கிறேன். கற்றுக்கொடுப்பவரை எல்லோரும் அக்கா என்கிறார்கள், நானும் அப்படியே.

சிக்னல் செயலியில் ஆரம்பிப்பார் என்று பார்த்தால், இன்றைக்கு அதிகம் பேர் சீந்தாத பிஜிபியில் ஆரம்பித்தார். 1991-இல் ஃபில் சிம்மர்மேன் எழுதி வெளியிட்ட மின்னஞ்சல் மறையாக்க மென்பொருள் அது. அந்நாளில் அமெரிக்கா மறையாக்க நிரல்களை ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததால் அவர்மேல் விசாரணை நடந்தது, 1996-இல் கைவிட்டார்கள். நடுவில் எம்ஐடி பதிப்பகம் அந்த நிரலை அப்படியே புத்தகமாக அச்சடித்தது. புத்தகத்தை யார் தடுப்பார்கள்? எனக்கு இந்தக் கதையெல்லாம் ரொம்பப் பிடிக்கும். அக்காவுக்கு அதில் சுவாரசியம் இல்லை. "பூட்டு கெட்டின்னு முப்பது வருஷமா தெரியும். அதை விடு" என்றவர், அதே வகை மென்பொருளான ஜிபிஜியைத் திறந்து அவர் பெயரில் ஒரு சாவி உண்டாக்கச் சொன்னார்.

பெயர் கேட்டது, அவர் பெயரைத் தட்டினேன். மின்னஞ்சல் கேட்டது; அவருடையதையே போட்டேன். நீ யார், இது உன் முகவரிதானா என்று ஒரு கேள்வி இல்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் அக்கா பெயரில் இரண்டு சாவிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. "இதுல நான் யாருடா?" என்றார்.

ஃபிங்கர்பிரின்ட் என்று 40 குறிகள் ஒவ்வொரு சாவிக்கும் உண்டு, எண்ணும் எழுத்தும் கலந்து, நான்கு நான்காக. அதை வைத்துத்தான் அடையாளம் காணவேண்டும். கடைசி எட்டைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். கடைசி எட்டு ஒத்துப்போகிற போலிச் சாவியைச் சாதாரணக் கணினியிலேயே செய்துவிடலாம் என்பது 2014-லேயே அம்பலமான சங்கதி. நாற்பதையும் பார்க்கவேண்டும். அதுவும் சாவி வந்த அதே மின்னஞ்சல் வழியாக அல்ல, வேறொரு வழியில்.

அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியே கொண்டுவந்த ஸ்னோடென் விவகாரத்தில் எனக்குப் பிடித்த இடமும் இதுதான். 2013 ஜனவரியில் ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸைத் தொடர்புகொள்ள நினைத்தபோது, கையில் கிடைத்த சாவி அவருடையதுதானா என்று ஸ்னோடெனுக்கு உறுதி வேண்டியிருந்தது. மைக்கா லீ என்பவரிடம் கேட்டு, பாய்ட்ரஸ் சாவியின் ஃபிங்கர்பிரின்டை ட்விட்டரில் எல்லோரும் பார்க்கப் போடவைத்தார். அமெரிக்க உளவு நிறுவனத்தின் உள்ளே இருந்த ஆளுக்கே மறையாக்கக் கணிதம் முக்கியமில்லை. மறுமுனையில் இருப்பது யார் என்பதுதான் முக்கியம்.

சிக்னலில் இதே வேலையை 60 இலக்கங்கள் செய்கின்றன, ஐந்து ஐந்தாகப் பன்னிரண்டு தொகுதி. நேரில் பார்த்தால் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி முடித்துவிடலாம். தூரத்தில் இருப்பவருக்கு வீடியோ காலில் வாசிக்கவேண்டும். நாம் வாசித்துக்கொண்டே போனால் அந்தப் பக்கம் "ஆமா... ஆமா" என்று வரும், திரையைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதனால் அக்கா ஒரு தொகுதியைச் சொல்லி நிறுத்துவார். அடுத்ததை அவர்கள் சொல்லவேண்டும். மூத்த வக்கீல் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "என்னம்மா, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்றியா?" என்றார். அக்கா கடைசிவரை ஒப்பிக்கவைத்துத்தான் விட்டார்.

மற்றபடி பேக்கப்தான் பெரிய ஓட்டை. 2016-இலிருந்து வாட்ஸ்அப் பேச்சு முழுக்க மறையாக்கத்தில்தான் போகிறது. அதன் பேக்கப்புக்கு மறையாக்கம் 2021-இல்தான் வந்தது, அதையும் நாமே செட்டிங்ஸில் போய்ப் போடவேண்டும். டெலிகிராமில் சாதாரண சாட்டுக்கு முனைக்கு முனை மறையாக்கமே கிடையாது என்றால் பலர் என்னை நம்புவதில்லை. சிக்னல்காரர்களிடம் 2016-இல் அமெரிக்க நீதிமன்ற வழியாகத் தகவல் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான் கொடுக்க இருந்தது. சேர்த்துவைக்காததை யாரும் பிடுங்க முடியாது.

இத்தனையும் பழகியபிறகு, புருஷன் எல்லாவற்றையும் படித்துவிடுகிறார் என்று ஒரு பெண் வந்தார். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைத் திறந்தேன். அவருக்குத் தெரியாத ஒரு கணினி அதில் இருந்தது. தூங்கும்போது போனை எடுத்து இணைத்திருக்கவேண்டும். மறுமுனையில் இருப்பவரோடு அவர் 60 இலக்கத்தையும் ஒத்துப்பார்த்திருந்தால்கூட எல்லாம் சரியாகத்தான் காட்டியிருக்கும். லாக் அவுட்டை அழுத்தப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். எடுத்த நிமிஷமே அங்கே அவனுக்குத் தெரிந்துவிடும். இந்த அம்மா ராத்திரி வீட்டுக்குத்தான் போகவேண்டும். "போக வேற இடம் இருக்காம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் கூடப்பிறந்த அக்கா வீடு தாம்பரத்தில் இருந்தது. முக்கியமான பேச்சையெல்லாம் இனி அந்த அக்காவின் போனில், நேரில் போய்ப் பேசச் சொன்னோம். புது மின்னஞ்சலையும் அதில்தான் தொடங்கினோம். இவர் போனில் வழக்கம்போல மளிகை லிஸ்ட்டும் குட் மார்னிங்கும் போய்க்கொண்டிருந்தன. துணிமணியோடு தாம்பரம் போய்ச் சேர்ந்தபிறகு அவரே போன் பண்ணினார். அன்றைக்குத்தான் அந்தக் கணினியைப் பட்டியலிலிருந்து எடுத்தோம்.