மரியாதை தவறுகிறேன்

ஜப்பானில் ஒசாக்கா நகரில் பணிபுரியும் என் மகன் விடுமுறைக்கு உடன்குடி வந்திருந்தான். ஒருநாள் தன் மேலதிகாரியுடன் தொலைபேசியில் பேசி முடிக்கையில், எதிரே ஆள் நிற்பதுபோல் தலை தாழ்த்தி, "ஷிட்சுரேய் ஷிமஸ்" என்றான். பொருள் கேட்டேன். "மரியாதை தவறுகிறேன் என்பது பொருள், அப்பா" என்றான். எனக்கு வியப்பு! மரியாதை தவறுகிறவன் சொல்லிவிட்டா தவறுவான்?

அவன் விளக்கினான். அச்சொல்லுக்கு இரண்டு எழுத்துகள்: முதலாவது இழத்தலையும், மற்றது மரியாதையையும் குறிக்கும். அறைக்குள் நுழையும்போதும், விடைபெறும்போதும், தொலைபேசியை வைக்கும்போதும் அதனைச் சொல்வார்கள். ஒருவரின் வயதைக் கேட்க நேர்ந்தாலும், "மரியாதைக் குறைவுதான், ஆனாலும்" என்று அச்சொல்லாலேயே தொடங்குவார்கள். "ஷிமாஷ்தா" என்று இறந்தகாலத்தில் முடித்தால், தவறிவிட்டேன் என்று பொறுத்தல் கேட்பதாகும். அதே சொல்லைப் பிறரை நோக்கி வீசினாலோ, கடுங்கண்டனம். "தன்மேல் சொன்னால் பணிவு, பிறர்மேல் சொன்னால் பழி" என்றான்.

புனித சவேரியாரின் நினைவு வந்தது. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, அருகிலுள்ள மணப்பாட்டிலும் தங்கிய அவர், 1549இல் ஜப்பான் சென்றார். மறு ஆண்டு யமகுச்சியின் ஆட்சியாளரை எளிய உடையில் கண்டார்; பயன் கிட்டவில்லை. 1551இல் நல்லுடை அணிந்து, கடிகாரம் முதலிய பரிசுகளுடன் தூதராக முறைப்படி சென்றார். போதிக்க அனுமதி பெற்றார். பிறர் முறைமையைக் கற்பதைப் புனிதரே தாழ்வாக எண்ணவில்லை.

என் நெஞ்சு உறுத்தியது. மூன்றாண்டுகளுக்கு முன், தங்கை மகளின் திருமணப் பேச்சில் எனக்கு முதலிடம் தரவில்லை என்று சினந்து, காப்பியைத் தொடாமல், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தவன் நான். திருமணத்திற்கும் செல்லவில்லை. தங்கை கணவருக்கு மரியாதை தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னேன். அச்சொல்லை ஒருமுறையேனும் என்மேல் சொல்லிப் பார்த்ததில்லை.

மறுநாள் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். "மாப்பிள்ளை, அன்று மரியாதை தவறியவன் நான்தான்" என்றேன். ஜப்பானியச் சொல் தேவைப்படவில்லை.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி என் தங்கையை அழைத்தார்: "உன் அண்ணன் வந்திருக்கிறார். அன்றைய காப்பி இன்னும் பாக்கி இருக்கிறது, கொண்டு வா."

காப்பியைக் குடித்து, "போய் வருகிறேன்" என்று மூன்று பேரிடமும் தனித்தனியே சொல்லி விடைபெற்றேன். மூன்றாமவள், பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்த அந்த மருமகள்.